நாலாம் வகுப்பில் வாதம், பித்தம், கபம்

அரைகுறையாகக் கற்றுக்கொண்ட எதையும் உடனே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சொல்லிக்கொடுக்கும்போதே தூக்கம் வந்தது ஒரே ஒரு முறைதான்.

கத்தாரில் ஒன்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு, முதுகுவலியோடு நன்னிலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஒரு ஆயுர்வேத வைத்தியர் பத்து நாள் எண்ணெய் போட்டு நீவி வலியைப் போக்கினார். உடம்பில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று வாகு உண்டு, அவரவர் வாகு அறிந்து சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்றும் சொன்னார். அவர் பேசியது பத்து நிமிடம். மீதியைப் போனில் வீடியோ பார்த்து நானே நிரப்பிக்கொண்டேன் (தியானமும் அதில்தான் வந்தது). என் மனைவி கலைச்செல்வி பித்த உடம்பு என்று கண்டுபிடித்து, அவள் ஊறுகாய் சாப்பிடுவதைத் தடை செய்தேன். அவளுக்குப் பித்தம்தான் என்பது அன்றைக்கே நிரூபணமானது.

கலைச்செல்வி உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு டீச்சர். சேர்ந்து ஆறு மாதம்தான். பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லித்தர ஆள் உண்டா என்று தலைமையாசிரியை கேட்டபோது, என் நச்சரிப்பு தாங்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, கண்ண மூட வச்சு மூச்சு விடச் சொல்லுங்க, போதும். வேற எதையும் ஆரம்பிக்காதீங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல."

"நான் என்ன சின்னப் புள்ளயா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. கலைச்செல்வி பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். என் சட்டைப் பையில் வெற்றுச் சீட்டுகளும் ஒரு அட்டை நிறைய ஊக்குகளும் இருந்தன. முதலில் மூன்று வாகையும் விளக்கினேன். வாதம் ஒரு இடத்தில் நிற்காது. பித்தத்துக்குப் பசியும் கோபமும் சட்டென்று வரும். கபம் நிதானம், நன்றாகத் தூங்கும்.

"சீக்கிரம் பசிக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். முப்பது கைகளும் உயர்ந்தன. அதனால் முகத்தைப் பார்த்தே முடிவு செய்து, சீட்டில் எழுதி ஆளாளுக்குச் சட்டையில் குத்தினேன். யாழினி என்ற ஒல்லிப் பெண், ஊக்கை மாட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை ஜன்னலுக்கு ஓடிவிட்டு வந்தாள். சந்தேகமே இல்லை, வாதம்.

"இப்ப எல்லாரும் கண்ண மூடுங்க. மணி அடிச்சதும் சத்தமே இல்லாம எழுந்து வீட்டுக்குப் போகணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நாற்காலியில் அமர்ந்து நானும் கண்ணை மூடினேன்.

"ஆத்துல ஒரு படகு. அதுல நீங்க படுத்திருக்கீங்க. தண்ணி மெல்ல இழுத்துட்டுப் போகுது..."

வெளியே ஐப்பசித் தூறல். பக்கத்து வயலில் சேறடிக்கும் டிராக்டர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஈர நாற்றின் வாசனை வந்தது. படகு முடிகொண்டான் ஆற்றில் நகர்ந்தது. இரு கரையும் பச்சை. என் குரல் எங்கோ கரையிலிருந்து கேட்டது. பேசுவது யாரோ, நான் கேட்டுக்கொண்டு மட்டும் போனேன். கத்தார் பாலைவனத்துச் சாலை ஒன்று படகுக்கு அடியில் நீராகி ஓடியது. ஒன்பது வருடத் தூக்கமும் அந்தத் தண்ணீரில் சேர்ந்துகொண்டது.

யாரோ தோளை உலுக்கினார்கள். கலைச்செல்வி. பக்கத்தில் தலைமையாசிரியை. வகுப்பறை காலி. வாசலில் முழங்கால்வரை சேறோடு ஒரு பெண், யாழினியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நடவு வயலில் இருந்தவர், வரப்பில் வந்த மகளின் சட்டையைப் பார்த்திருக்கிறார். கூட நட்ட பெண்கள் நாலு பேர் பின்னால்.

"சார், எங்கப்பா வாதம் வந்துதான் மூணு வருஷம் கை கால் விளங்காம கெடந்தாரு. எம்பொண்ணுக்கும் அதானா? மறைக்காம சொல்லுங்க."

நான் இன்னும் பாதி படகில் இருந்தேன். "ஆமாம்மா, வாதம்தான். பயப்படாதீங்க, பிறவியிலேயே உள்ளது" என்றேன்.

அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தூக்கம் அப்போதுதான் முழுதாகக் கலைந்தது.

கலைச்செல்வி அவர் பக்கத்தில் குந்தினாள். "அக்கா, நோயெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. துறுதுறுன்னு ஓடியாடுற உடம்புன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

அவர் மகளை ஒரு முறை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கா சீட்டு? இவ நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கா."

"தப்பு என்னுதுதாம்மா. மன்னிச்சிருங்க" என்று எழுந்து கை கூப்பினேன். அவர் என் நெஞ்சையே உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தேவிட்டார்கள். தலைமையாசிரியை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குனிந்து பார்த்தேன். என் சட்டையில் ஒரு சீட்டு. பிள்ளைக் கையெழுத்தில், "கபம்".

"நீங்கதானே சார் சொன்னீங்க, நல்லாத் தூங்கும்னு" என்றாள் யாழினி.

அன்று மாலை கலைச்செல்வியும் நானும் சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் வீடுகளில் விளக்கம் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த கோடையில் அவள் வேலை நிரந்தரமானது. தியான வகுப்பையும் தலைமையாசிரியை அவளிடமே கொடுத்தார். பிள்ளைகள் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கிறார்களாம். சீட்டு கிடையாது.

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. டிவி முன்னால் கண்ணயர்ந்தால், எழுந்திருக்கும்போது சட்டையில் காகிதம் இருக்கும். போன வருடம் திருத்துறைப்பூண்டியில் மச்சான் கல்யாணம். முகூர்த்த நேரம், நாதஸ்வரம், புகை, நாற்காலி. சற்றே கண்ணை மூடினேன். ஆல்பம் வந்ததும் எல்லோரும் முதலில் தேடியது மாப்பிள்ளையை அல்ல. பன்னிரண்டாம் பக்கத்தில் பட்டு வேட்டியோடு வாயைத் திறந்து தூங்குகிறேன். சட்டையில் ஏழு சீட்டுகள். ஏழும் வேறு வேறு கையெழுத்து. ஒன்று என் மாமனாருடையது.