தீக்குழியாரின் கடைவாய்ப் பல்

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாலும், என்னை இவ்வளவு கோபப்படுத்திய மனிதர் தீக்குழியாரைத் தவிர வேறொருவர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். வருடா வருடம் அம்மன் சடங்கில், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட, முதல் ஆளாகத் தீ மிதிப்பவர். நெருப்பின் மேல் சந்தைக்குப் போகிறவர்போல நடந்துபோவார். பல் டொக்டர் என்றால் மட்டும் கட்டிலுக்கு அடியில் ஒளியாத குறை.

கடைவாயில் ஒரு சொத்தைப் பல். அதற்குக் கராம்பு வைப்பார், உப்பு வைப்பார், புகையிலையும் வைப்பார். ஒருநாள் காலை பிட்டு கொண்டுபோய் அவர் வீட்டுக் கேற்றைத் தள்ளினேன். "ஐயோ!" என்று ஒரு சத்தம். கேற்றில் கட்டியிருந்த தூண்டில் தங்கூசி நூலின் மறுமுனை அவர் வாய்க்குள் இருந்திருக்கிறது. பல் வந்துவிட்டது. ஆனால் அது முன்பல்! கடைவாய்க்கு முடிச்சு எட்டவில்லையாம். முன்பல்லில் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாராம்.

"நீங்க மனிசனா?" என்று கத்தினேன்.

"பாத்துத் தள்ளியிருக்கலாமே, தங்கச்சி."

பிறகு கன்னம் வீங்கியது. நீரிழிவு உள்ள உடம்பு. ஈறு பழுக்கப் பழுக்கச் சீனியும் ஏறியது. நண்டுக் கறிக்குச் சண்டை பிடிக்கிற மனிதர், பாண் துண்டைப் பிளேன்டீயில் கரைத்துக் குடித்து எலும்பாகிப்போனார். வெளிநாட்டிலிருக்கும் அவர் மகனுக்குப் போன் எடுத்தேன்.

"வயசு போனா பல்லும் போறதுதானே, மாமி?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "வயசு போனா கண்ணும்தான் மங்குது. கண்ணாடி வாங்கி அனுப்பினாய்தானே? பல்லுக்கு மட்டும் ஏன்டா பாடை கட்டுறாய்?"

‘வயசு போனா பல்லும் போறதுதானே’ என்ற இந்த ஒரு வசனத்தைச் சொல்லியே எத்தனை முதியவர்களைக் கஞ்சிக் கோப்பைக்குள் தள்ளிவிட்டோம்! பல் என்ன தலைமுடியா, உதிர்ந்தால் கூட்டி அள்ளிவிட்டுப் போவதற்கு?

அந்தச் சூட்டோடு அவரிடம் போனேன். "நெருப்பில நடக்கிற ஆளுக்கு பல் டொக்டர்ர கதிரையில இரிக்க ஏலாதா?"

"அங்க அம்மாள் இரிக்கா. குரவை போட ஆக்கள் இரிக்காங்க. ஆசுபத்திரியில எனக்கு ஆரு இரிக்கா?"

"நான் வாறன். எழும்புங்க!"

மறுநாள் காலை வந்தார், மஞ்சள் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, கையில் வேப்பிலைக் கொத்தோடு. கோயிலுக்கு என்று நினைத்து ஓட்டோக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஆசுபத்திரியில் இருந்தது காத்தான்குடி ஊர்ப் பிள்ளை, இளம் டொக்டர்.

"ஐயா, வாயைத் திறங்க."

தீக்குழியார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, குரவை போட்டேன். வாய் திறந்தது.

பிடுங்கிய பல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். நான் கை ஓங்கிவிட்டேன், டொக்டர்தான் தடுத்தார்.

வீக்கம் வற்றியது, சீனி இறங்கியது. திரும்பவும் நண்டுக்குச் சண்டை தொடங்கியது. இப்போது புதுப் பல்செட் போட்டுக்கொண்டு தெருவில் போகிற வருகிற முதியவர்களையெல்லாம் "வாயத் திறங்க பாப்பம்!" என்று மிரட்டுகிறார். எல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல!

போன மாதம் என் பல்லின் முறை. டொக்டரின் கதிரையில் சாய்ந்ததும் நானும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போது கதவுக்கு வெளியே ஒரு குரவை. ஆண் குரல், பல்செட் கடகடவென்று அடிக்க, உலகத்திலேயே மோசமான குரவை. அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அவர் வெளியே நிற்கிறார் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. வாயைத் திறந்தேன்.