கடலில் சுவர் தேடிய மோட்டார் அக்கா

நீந்தத் தெரிந்த ஒருவரைக் கடலுக்கு அனுப்பும் முன், அவர் நீந்தக் கற்ற நீர்நிலை எந்த வடிவத்தில் இருந்தது என்று விசாரிப்பது நம் கடமையா? இப்படி ஒரு கேள்வி உங்களுக்கு எழுந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கும் எழுந்ததில்லை, மோட்டார் அக்கா வங்காள விரிகுடாவில் ஒரு மிதவையை மூன்றாவது முறையாகச் சுற்றத் தொடங்கும்வரை.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் தண்ணீரைக் கண்டு துளியும் அஞ்சாதவர் யாரென்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் அக்காவைச் சொல்வேன். பாலாறு வருடம் முழுக்க வறண்டு கிடப்பதற்கு அவரைக் கண்டு அதற்கு இருக்கும் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சமூகப்பணி படித்து முடித்த கையோடு, ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்திருந்தேன். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பிரிவில் அக்கா இருந்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். அங்கே எவர் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும், மூச்சடக்கி மூழ்கிக் கயிறு கட்டிவிட்டு வருவது அவர்தானாம். அதனால் இந்தப் பெயர் வந்தது என்பது அவருடைய தரப்பு. காலையில் ஓட ஆரம்பித்தால் மாலைச் சங்கு ஊதும்வரை நிற்காத வாயால் வந்தது என்பது தையல் பிரிவின் தரப்பு. இரண்டு தரப்புக்கும் ஆதாரம் வலுவாகவே இருந்தது.

உலகத்தையே அவர் கிணற்றை வைத்துத்தான் அளந்தார். பொது மேலாளர் கோபமாக வந்தால், "இன்னைக்கு ஜிஎம் ஆறு ஆள் ஆழத்துல இருக்காரு, யாரும் இறங்காதீங்க" என்று பிரிவு முழுவதையும் எச்சரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் பகுதியில் அது திருவிழா. ஊரே பாலத்துக்கும் கரைக்கும் கிளம்பிவிடும். அக்காவுக்குப் பக்கத்து எந்திரத்தில் தைக்கும் பர்வீனின் மகள், கரையில் நின்று கைப்பேசியில் தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது சறுக்கி, மணல் அள்ளிய பள்ளத்தில் விழுந்துவிட்டாள். அலறல் எழுந்து அடங்குவதற்குள், தொழிற்சாலைக் கோட்டுடனேயே உள்ளே பாய்ந்தார் அக்கா. சிறுமியின் பின்னலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். வந்தவுடன் ஆறுதல் சொல்லவில்லை.

"எம்ப்ராய்டரி கத்துக் குடுத்தியே பர்வீனு, நீச்சல் கத்துக் குடுத்தியா?"

"எங்க போய் கத்துக் குடுக்கறது அக்கா? ஆத்துல தண்ணி இல்ல, கிணத்துல சாயத் தண்ணி!" என்று அழுதார் பர்வீன்.

அந்தப் பதில் அக்காவைத் தூங்கவிடவில்லை. அவர் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு விருந்தினர் இல்லம் உண்டு. அங்கே வெளிநாட்டு வியாபாரிகளுக்காக நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளமும் உண்டு. வியாபாரிகள் எப்போதாவது வருவார்கள். மற்ற நாட்களில் அதில் வேப்பிலைகள்தான் குளித்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தொழிலாளர்களின் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும்படி கேட்க, நாங்கள் இருவரும் பொது மேலாளர் அறைக்குப் போனோம்.

"யாரு கத்துக் குடுப்பாங்க?"

"நான்தான் சார்."

"சர்டிஃபிகேட் இருக்கா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் இன்னா காட்டறது?"

"கிணத்துக்குள்ள யாரு சார் சர்டிஃபிகேட் குடுப்பா? தவளையா?"

அவர் சிரிக்கவில்லை. ஏதாவது ஒரு முறையான போட்டியில் நீந்தி முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால் குளத்தின் சாவி, இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "பயப்படாத சார். நான் சாம்பிள். சாம்பிள் ஓகே ஆனாதான் பல்க் ஆர்டரு."

சென்னைக்கு அருகே கடலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல் போட்டி நடக்கவிருப்பதைக் கண்டுபிடித்து, அவர் பெயரைப் பதிவு செய்தேன். செய்தி பரவியதும் தையல் பிரிவுக்கே நீச்சல் பைத்தியம் பிடித்தது. மதிய இடைவேளையில் உணவுக்கூட பெஞ்சுகளில் பெண்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துக் காலை உதைக்க, நடுவில் நின்று அக்கா குரல் கொடுப்பார்: "முட்டிய மடக்காத! சோறு ஜாஸ்தியாச்சா உனக்கு?" ஒரு நாள் வெளிநாட்டுத் தணிக்கையாளர் இந்தக் காட்சியைப் பார்த்துத் திகைத்து நின்றார். முதுகுவலியைத் தடுக்கும் பயிற்சி என்று நான் விளக்கினேன். பிற தொழிற்சாலைகளும் இதைப் பின்பற்றலாம் என்று அவர் அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார்.

அக்காவின் பயிற்சி சொந்த ஊர்க் கிணற்றில் நடந்தது. ஞாயிறுதோறும் நான் மேட்டில் நின்று பார்ப்பேன். வலது கைப்பக்கம் சுவர் இருக்கும்படி, ஒரே சீராக, சுற்றிச் சுற்றி, பேசிக்கொண்டே நீந்துவார். விளைவுகளை முன்கூட்டியே எடைபோடுவது என் தொழில். அலை, ஜெல்லி மீன், ஆம்புலன்ஸ், இரத்த அழுத்தம் என அனைத்தையும் எடைபோட்டேன். கிணறு வட்டமானது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

போட்டி நாள் காலையில் கடற்கரையே துள்ளிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி, விசில், முழங்கையைச் சுழற்றும் இளைஞர்கள். அக்கா கறுப்பு லெகிங்ஸும், முதுகில் 'பாதுகாப்பே முதன்மை' என்று அச்சிட்ட தொழிற்சாலை டி-ஷர்ட்டும் அணிந்திருந்தார். கொடுக்கப்பட்ட ரப்பர் தொப்பிக்குள் அவருடைய கொண்டை நுழைய மறுத்தது. பர்வீனும் இன்னும் இருவரும் சேர்ந்து, லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல் அதை உள்ளே தள்ளினார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி, பாதுகாப்புப் படகு ஒன்றில் நானும் ஏறிக்கொண்டேன். துடுப்புப் போட்டவர் நடுவயது மீனவர். விசில் ஊதியது. அலைகளைத் தாண்டும்வரை அக்கா அபாரம்! கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேரைப் பின்னுக்குத் தள்ளினார். நான் படகில் எழுந்து நின்று கத்தினேன். மீனவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முதல் மிதவை வந்தது. எல்லோரும் அதைத் தாண்டி நேராகப் போனார்கள். அக்கா அதைச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். வேகம் குறையவில்லை, கைவீச்சில் பிசகில்லை, திசைதான் இல்லை.

"இன்னாமா, கோயில் சுத்திக்கினு இருக்கியா?" என்று மீனவர் கூவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தலை சுத்துதுபோல சார். தூக்கிப் போட்டுக்கவா?" என்றார்.

படகைத் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கம். நீக்கமென்றால் சான்றிதழ் இல்லை, சாவி இல்லை, அடுத்த முறை ஆற்றில் தண்ணீர் வரும்போது கரையில் நிற்கப்போகும் ஒரு பெண்ணுக்கும் நீச்சல் இல்லை. தொடாவிட்டாலோ, என் கண்ணெதிரே ஒரு உயிர். படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து கத்தினேன்.

"அக்கா! மூச்சு வாங்குதா?"

"மூச்சா? பேசிக்கினுதானே இருக்கறேன்! செவுரு எங்க சார்? செவுத்தையே காணோம்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வலது பக்கம் ஒரு சுவரைப் பார்த்தே நீந்திய உடம்பு அது. சுவர் இல்லாத தண்ணீரில், இருந்த ஒரே பொருளைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கிய அதே கணத்தில் அவருக்கும் வழி கிடைத்துவிட்டது.

"அண்ணே! என் வலது பக்கமா வா. நீதான் செவுரு! தொட மாட்டேன், நீ பாட்டுக்கு நேரா போ!"

மீனவர் என்னைப் பார்த்தார். "கடல்ல எல்லா வேலையும் பாத்துட்டேன் சார். செவுரா மட்டும் போனதில்ல."

போனார். ஒரு கை தூரத்தில் படகு நேராக நகர, அதை ஒட்டி அக்கா அம்புபோல வந்தார். வழியெங்கும் பேச்சு. மீனவருக்கு எத்தனை பிள்ளைகள், மீன் என்ன விலை, பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். நான் விசிலடிக்கத் தெரியாமல் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தேன்.

போட்டிக்குக் கொடுத்த நேரம் முடிவதற்குச் சற்று முன், கடைசி ஆளாகக் கரையேறினார். அதற்குள் பரிசளிப்பே தொடங்கியிருந்தது. பர்வீன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். ஒலிபெருக்கிக்காரர் எப்படி இருந்தது என்று கேட்டதும் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டார் அக்கா.

"இவங்கல்லாம் ரெண்டு கிலோமீட்டரு. நான் சுத்துனதோட சேத்தா இன்னும் ஜாஸ்தி. அதுக்கு ஓவர்டைம் போட்டுத் தருவீங்களா?"

கடற்கரையே கைதட்டியது.

திங்கட்கிழமை சான்றிதழ் பொது மேலாளரின் மேசைமேல் இருந்தது. அவர் அதை நிதானமாகப் படித்தார்.

"கடைசியா வந்திருக்கீங்க."

"கரைக்கு வந்தேன் இல்ல சார்? எங்க பொண்ணுங்களுக்கு அது போதும்."

அவர் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ஞாயிறு காலைகளில் அந்தக் குளம் திறந்திருக்கிறது. பர்வீனின் மகள் தலையை நிமிர்த்தி மிதக்கக் கற்றுக்கொண்டாள். புதிதாக வருபவர்களின் கையைப் பிடித்து இறக்குவது அவள்தான். நான் வேலை மாறிக் காட்பாடிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிறு காலையில் ஆம்பூருக்கு ரயில் ஏறிவிடுகிறேன். யாராவது கேட்டால், பாதுகாப்புக்குக் குளத்தோரம் ஒரு ஆள் வேண்டும் என்பேன். உண்மை என்னவென்றால், அக்கா யாரையாவது திட்டும் சத்தத்தைக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இருப்பதில்லை.