குன்வோரின் வியாழக்கிழமை

மால்மோ,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணன் சிக்ஸ்டன் அவர்களுக்கு, தெற்கே கிடக்கும் தம்பி ஹில்டிங் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் நாயும் சுகமென்று நம்புகிறேன். அங்கே இன்னும் பனி உருகியிருக்காது. இங்கே மழை, அதுவும் பக்கவாட்டில் பெய்கிறது. என் சுகத்தைக் கேட்டால், காலையில் எழுந்துகொள்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நீங்கள் வெட்டி அனுப்பிய பத்திரிகைத் துண்டு கிடைத்தது. மால்மோவில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லது வந்தவர்களின் பிள்ளைகள் என்று போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் நீங்கள் பேனாவால், “உன் மாடிப்படியில நம்ம ஆளுங்க எத்தன பேருடா?” என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன் அண்ணா. கீழே பிரேபென், டென்மார்க்காரர். அவர் பேசுவது ஒருவருக்கும் விளங்காது, ஆனால் அவரை மட்டும் யாரும் வெளிநாட்டான் என்று சொல்வதில்லை. அவருக்கு மேலே நஷ்வான், பாக்தாத்காரன், பஸ் ஓட்டுகிறான். என் எதிர்வீட்டில் மெர்சிஹா, போஸ்னியாவில் சண்டை நடந்தபோது வந்தவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்புறம் நான். நான் நம்ம ஆள்தானே என்பீர்கள். கப்பல் கட்டும் வேலைக்காக வடக்கேயிருந்து இறங்கி வந்து ஐம்பது வருஷம் ஆகியும், ரொட்டிக்கடைக்காரி என் பேச்சைக் கேட்டதும் “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்கிறாள். மெர்சிஹாவின் பேத்தி பேசுவதுதான் அசல் மால்மோப் பேச்சு. ஆக, இந்த மாடிப்படியில் பெரியவர்களில் இந்த ஊரிலேயே பிறந்தவள் என்றால் என் குன்வோர் ஒருத்திதான் இருந்தாள். அவளும் ஜனவரியில் போய்விட்டாள். இப்போது பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் கூப்பிட்டபடியே உங்களோடு வந்து இருந்துவிடுகிறேன். மாடி அறையை ஒழித்து வையுங்கள். திடீரென்று என்ன அவசரம் என்று அண்ணி கேட்பார். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் வீட்டில் மெஷின் குளியலறையிலேயே நிற்கிறது, இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. இங்கே மொத்தக் கட்டடத்துக்கும் நிலவறையில் ஒரே ஒரு துவைக்கும் அறை. வாசலில் ஒரு பலகை, நாளும் நேரமும் போட்டு ஓட்டைகள், வீட்டுக்கு ஒரு குட்டிப் பூட்டு. எந்த ஓட்டையில் உங்கள் பூட்டு மாட்டியிருக்கிறதோ அந்த நேரம் உங்களுடையது. துவைத்து முடித்ததும் அடுத்த வாரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். ஒருவன் பெண்டாட்டியை இன்னொருவன் கூட்டிக்கொண்டு ஓடினால்கூட இந்த ஊரில் காப்பி குடித்துப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், துவைக்கும் நேரத்தில் கை வைத்தால் கொலை விழும். வியாழக்கிழமை மதியம் குன்வோருடையது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவளுடையது. அவள் போன பிறகு நான் கீழே இறங்கவே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது, யாரிடம் போய்க் கேட்பது? கப்பலுக்கு இரும்புத் தகடு பற்றவைத்தவன், சட்டை துவைக்கத் தெரியாது என்று வாயைத் திறந்து சொல்வதா? எல்லாவற்றையும் குளியல் தொட்டியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி மிதித்தேன். என் பச்சைக் கம்பளிச் சட்டை இப்போது உங்கள் நாய்க்குச் சரியாக இருக்கும்.

போகட்டும். போன வாரம் சைக்கிள் எடுக்க நிலவறைக்குப் போனவன் பலகையைப் பார்த்தேன். எங்கள் பூட்டு வரப்போகிற வியாழக்கிழமையில் மாட்டியிருக்கிறது! ஜனவரியிலேயே நின்றுபோயிருக்க வேண்டிய பூட்டு! எவனோ வாராவாரம் நகர்த்தியிருக்கிறான், எவனோ என் செத்துப்போன பெண்டாட்டியின் பெயரில் ஜம்மென்று துணி துவைக்கிறான்! அண்ணன் சொன்னது சரிதான், இந்தக் கூட்டத்தோடு இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன்.

நேற்று வியாழக்கிழமை. கையும் களவுமாகப் பிடிப்பதென்று சாப்பிட்ட கையோடு இறங்கிப் போய், துணி உலர்த்தும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். இது எங்கள் நேரம் என்று நிரூபிக்க மூன்று அழுக்குச் சட்டைகளையும் கையில் வைத்திருந்தேன். கதவு திறந்தது. மெர்சிஹா! வெறுங்கையோடு வந்தாள், எங்கள் பூட்டைக் கழற்றினாள், அடுத்த வியாழனில் மாட்டினாள்.

“அகப்பட்டியா!” என்று பாய்ந்தேன்.

“அய்யய்யோ! உசிரே போயிருச்சுண்ணே! வயிறு மட்டும் வெளிய தெரிஞ்சுதா, புதுசா ஏதோ கொதிகலன் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“பேச்ச மாத்தாத. எங்க பூட்டுச் சாவி ஒனக்கு ஏது?”

“குன்வோர் குடுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப. ‘இந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது, என் நேரத்த யாருக்கும் விட்டுறாத’ன்னா. என்னிக்காவது எறங்கி வருவீங்கன்னு நகத்திட்டே இருக்கேன்.”

“அப்ப இத்தன நாளா இங்க யாரு தொவைச்சது?”

“குன்வோர் நேரத்துல எவண்ணே தொவைப்பான்? மெஷினு சும்மாதான் நிக்கும். நஷ்வான் புள்ளகுட்டிக்காரன், அவனே விடியக்காலம் எந்திரிச்சு வந்து தொவைச்சுட்டுப் போறான். இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டான்.”

அதற்குள் என் கூச்சல் கேட்டு நஷ்வான் ஓடி வந்தான், அவன் பின்னாலேயே பிரேபென் வந்து என்னவோ சொன்னார். நான் சட்டைகளை ஏந்திக்கொண்டு திருதிருவென்று விழித்ததிலேயே மூன்று பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

“அறுபது டிகிரில போடுங்க மாமா, அப்பதான் அழுக்குப் போவும்,” என்றான் நஷ்வான்.

“அறுபதா? அவரையும் சேத்து அவிச்சுரு! நாப்பது போதும்,” என்றாள் மெர்சிஹா.

முப்பது போதும் என்பதுபோல் பிரேபென் மூன்று விரலைக் காட்டினார். இவர்கள் இருவரும் அவரைத் திட்டினார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே மெர்சிஹா, “மூணு சட்டைக்காகவா மெஷினு ஓட்டுவாங்க? இருங்க வரேன்,” என்று மேலே ஓடி, நான் திறந்து போட்டு வந்த வீட்டுக்குள் நுழைந்து, படுக்கையிலிருந்த அத்தனையையும் உருவி வாரிக்கொண்டு வந்து உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினாள். நாற்பதில் சுழலத் தொடங்கியது. எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது அண்ணா, ஜனவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. அப்புறம்தான் கண்ணாடிக்குள் அந்த நீலப்பூ உறையைப் பார்த்தேன்.

அது குன்வோரின் தலையணை உறை. அவள் போனதிலிருந்து நான் அதைத் துவைக்கவில்லை. அதில் அவள் வாசனை இருந்தது. கைக்குத் தடவும் களிம்பும் பன்னுக்குப் போடும் ஏலக்காயும் கலந்த வாசனை. படுக்கும்போது முகத்தை அதில் புதைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். “நிறுத்து, நிறுத்து!” என்று கதறினேன். ஓடத் தொடங்கினால் அந்தச் சனியன் முடியும்வரை திறக்காதாம். கண்ணாடியில் குத்தினேன். பிறகு தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன், அழுதுகொண்டே அவர்களிடம் சொல்லியும்விட்டேன். பிரேபென் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், அவர் சொல்ல வந்தது முதல் தடவையாக எல்லாருக்கும் விளங்கியது. மெர்சிஹா வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடியவள்தான், அப்புறம் வெளியே தலை காட்டவில்லை. உறை பளிச்சென்று வந்தது. சோப்பு வாசனை, எவர் வீட்டுத் துணியிலும் வருகிற அதே வாசனை.

ராத்திரி தூங்கவில்லை. இப்படிப் பாசத்தைக் காட்டியே ஆளைக் கொல்கிற கூட்டத்தோடு இருக்க என்னால் முடியாது. வருகிற திங்கட்கிழமை ரயிலில் ஏறிவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு வண்டியோடு வாருங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். அங்கே எல்லாரும் குளிர் தாக்காமல், முழங்கால் வலிக்காமல் நீடூழி இருக்க வேண்டும்.

தங்கள் பிரியமுள்ள தம்பி,
ஹில்டிங்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டினார்கள். மெர்சிஹா. அழுது அழுது மூக்கு வீங்கியிருந்தது. கையில் குன்வோரின் சாம்பல் நிறக் கம்பளி மேலாடை. “ஒரு நா குளிருதுன்னு எனக்குப் போத்திவிட்டாண்ணே. திருப்பிக் குடுக்கறதுக்குள்ள போயிட்டா. இத நானும் தொவைக்கல,” என்றாள். முகர்ந்து பார்த்தேன். அவளேதான் அண்ணா, ஏலக்காயோடு அப்படியே இருக்கிறாள். நீயே வைத்துக்கொள் என்றேன், நீங்கள் வையுங்கள் என்றாள், நிலைவாசலில் நின்று ஒரே இழுபறி. கடைசியில் ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவளுக்கு என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை மதியம் துவைக்கும் அறையில் கைமாற்றிக்கொள்வது, துவைக்க மட்டும் கூடாது. இந்த வாரம் என்னிடம் இருக்கிறது. அடுத்த வியாழன் அவளுக்குக் கொடுத்தாக வேண்டும். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.