ஆஃப் அண்ணே

மதுரையில் ஓடுகிற ஷேர் ஆட்டோக்களிலேயே, ஓடாமல் நிற்பதற்குப் பேர் வாங்கிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டுபவர் ஆஃப் அண்ணே. பெயரைக் கேட்டுத் தப்பாக நினைக்க வேண்டாம். மனிதர் டீகூடக் குடிக்க மாட்டார். நடுவழியில் என்ஜினை ஆஃப் பண்ணிவிடுவார், அதனால் வந்த பெயர்.

அவனியாபுரத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு தினமும் அவர் வண்டியில்தான் ஆபீஸ் போகிறேன். சொன்ன புலம்பலையே யாராவது மறுநாளும் சொன்னால் போதும், வண்டி ஓரங்கட்டப்படும். ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. இது என்ன அக்கிரமம்? இறங்கிப் போகலாம் என்றால், பின்னால் வருகிற ஆட்டோக்களில் கால் வைக்க இடம் இருக்காது.

தையல் கடை அக்கா ஒருவர் ஏறியதுமே, "கேஸ மூடுனேனா, தெரியலையே" என்பார். ஒருநாள் வண்டி நின்றது.

"தெனம் இதே எடத்துல இதே நெனப்புதான் வருது ஒங்களுக்கு. அடுப்பு அப்பவே அணைஞ்சிருச்சுக்கா. ஒங்க மண்டைக்குள்ளதான் எரியுது."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

என் கதை வேறு. அதில் நியாயம் இருந்தது. தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். வாசலில் வைத்த பிளெக்ஸில் ஊரே ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நிற்க, என் படம் மட்டும் மூலையில் தபால்தலை அளவுக்கு! மூன்று வருடமாக அவளோடு பேச்சு இல்லை. பக்கத்து சீட்டுக்காரர்களிடம் காதோடு காதாகச் சொல்லித்தான் மனதை ஆற்றிக்கொண்டேன்.

ஆபீசில் இன்ஸ்பெக்‌ஷன் இருந்த ஒரு திங்கட்கிழமை. புதிதாக ஏறியவரிடம் பிளெக்ஸ் கதையைக் கொஞ்சம் சத்தமாகவே தொடங்கிவிட்டேன். வில்லாபுரம் தாண்டியதும் என்ஜின் நின்றது.

"யோவ், எனக்கு இன்ஸ்பெக்‌ஷன்யா! எடுய்யா வண்டிய!"

"வண்டில எட்டுப் பேரு சார். நீங்க மட்டும் அந்த பிளெக்ஸையும் தெனம் ஏத்திட்டு வாரீங்க. எடம் பத்தல."

போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன். அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் வாயை மூடினேன். உள்ளே கதை ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதே மூலை, அதே தபால்தலை. கேட்க ஆளில்லாமல் நான் மட்டுமே கேட்டபோது, எனக்கே அலுத்துப் போனது. கதை தானாக நின்றது. அந்த அமைதியில், இத்தனை நாள் நினைவுக்கு வராத ஒன்று வந்தது.

பிளெக்ஸில் போட என் போட்டோ கேட்டு, காதுகுத்துக்கு முன்பே தங்கச்சி எனக்கு மூன்று முறை வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாள். "அப்பறம்" என்று போட்டுவிட்டு நான்தான் மறந்திருந்தேன். ஏதோ பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள் பாவம். அதற்கு மேல் பெரிதாக்கினால் என் முகமே கலைந்திருக்கும்.

அங்கேயே போன் போட்டேன். "சாப்ட்டியாண்ணே?" என்றாள் எடுத்ததுமே. போட்டோ விஷயத்தை நானே தொடங்கினேன்.

"எம்புட்டு நேரம்ணே, வண்டிய எடுங்க!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

"பேசட்டும். இது புதுப் பேச்சு" என்றார் ஆஃப் அண்ணே.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு அரை மணி லேட். மேலதிகாரி எல்லார் முன்னாலும் கிழித்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன மாதம் காய்ச்சலில் ஆஃப் அண்ணே ஒரு வாரம் வரவில்லை. வேறு ஆட்டோக்களில் தொற்றிக்கொண்டு, எல்லா நாளும் நேரத்துக்கு முன்பே ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். மேலதிகாரி கிழித்த கதையைத் தினமும் சொன்னேன், ஒருத்தரும் வண்டியை நிறுத்தவில்லை. அப்படியொரு மோசமான வாரத்தை நான் கண்டதில்லை.