மேலாளர் அறையின் நான்கு கண்ணாடிகள்

மதியம் இரண்டு பத்து. மேலாளர் கண் விழித்தார். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிச் சுவர் வழியே கூடத்தைப் பார்த்தார். பதினோரு தலைகளும் கோப்புகளில் கவிழ்ந்திருந்தன. சிரிப்பை அடக்குகிறார்கள் என்று முடிவு செய்தார்.

அந்தச் சுவர் தலைமையகத்தின் யோசனை. நிர்வாகத்தில் ஒளிவு மறைவு கூடாதாம். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் தூங்காவிட்டால் மேலாளருக்குத் தன் கையெழுத்தே மறந்துவிடும். தூக்கத்தை விட முடியாது. மானத்தையும் விட முடியாது. கண்ணாடிக்காரரை அழைத்தார்.

"மணல் அடிச்ச கண்ணாடி போடலாம் சார். பனி படிஞ்ச மாதிரி இருக்கும். வெளிச்சம் வரும், முகம் தெரியாது."

முகம் தெரியவில்லை. நிழல் தெரிந்தது.

மறுநாள் கணக்கர் வேலைக்கு வரவில்லை. மேலாளர் அவரைப் போனில் பிடித்தார்.

"பத்து நாள் லீவு கேட்டேனே சார், கண்ணாடிக்கு வெளியே நின்னு. மூணு தடவை தலையாட்டினீங்களே!"

கண்ணாடிக்காரர் மறுபடி வந்தார். "வரி வரியா மேடு வச்சது ஒண்ணு இருக்கு. நிழல் உடைஞ்சு போயிடும்."

உடைந்தது. ஒரு தலை ஒன்பதானது. இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தத்தில் மேலாளர் துள்ளி எழுந்தார். டீ கொடுக்கும் அம்மா ஒன்பது கோப்பைகளோடு நின்றாள்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"மீட்டிங்னு நினைச்சேன் சார். எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க."

"இதுதான் கடைசி சார்" என்றார் கண்ணாடிக்காரர். "வெளியே இருக்கறவங்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி. உங்களுக்கு ஜன்னல். உங்க ரூம் விளக்கை மட்டும் அணைச்சு வைங்க."

மேலாளர் விளக்கை அணைத்துச் சாய்ந்தார். தட்டச்சு செய்யும் பெண் வந்து தலை வாரினாள். போகவில்லை. கிடங்குக்காரர் வந்து பல்லைப் பார்த்துக்கொண்டார். அவரும் போகவில்லை. லீவு முடிந்து வந்த கணக்கர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, இரண்டு பக்கமும் கையை வைத்து மறைத்துக்கொண்டு, மேலாளரின் மூக்குக்கு ஓரடி தூரத்தில் உற்றுப் பார்த்தார். மேலாளர் மூச்சுவிடவில்லை.

தினமும் இதே கதை. கூடத்தில் எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. வேலை இரண்டு மடங்கு நடந்தது. தலைமையகம் பாராட்டிக் கடிதம் எழுதியது. அதற்குப் பதில் போடும்போது மேலாளருக்குக் கையெழுத்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை, டீ கொடுக்கும் அம்மா வெறுங்கையோடு வந்து கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் பேசி என்னை அனுப்பினாங்க சார். பழைய கண்ணாடியையே போட்டுடுங்க."

"எதுக்கு? நான் தூங்கறதை வேடிக்கை பார்க்கவா?"

"வேடிக்கையா? நீங்க கண் அசந்தது தெரிஞ்சாத்தானே சார், அவங்க தூங்க முடியும்?"