தக்க காரணம் தெரிவிக்கவும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உன் மாமியாரும் அவ்விதமே இருக்க வேண்டும். உன் மாமியாரின் உடல்நலத்தை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு விசாரித்ததாகச் சொல். காரணம் கீழே வரும். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். போனில் நீ அழ ஆரம்பித்தால் நான் பேச வந்ததை மறந்துவிடுகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீ அழுதாலும் எழுத்து அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். அதோடு, அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதற்கெல்லாம் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். சொந்தமாக எழுத இப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையோடு படித்த நண்பர் ஒருவர், பள்ளிக்கூடங்களுக்காகப் பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்பும் கம்பெனியில் இருக்கிறாரே, அவரிடம் சொல்லி, பாப்பாவின் பள்ளியிலிருந்து எங்களுக்கு வரும் செய்தியை நிறுத்தித் தர வேண்டும். இவ்வளவுதான். ஆனால் நீ ஏன், எதற்கு என்று துருவாமல் விடமாட்டாய் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

விடுமுறையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு மூன்று பேராகப் போய் இரண்டு பேராகத் திரும்பினோம். இது உனக்குத் தெரியும். நீதான் வந்து கூட இருந்து எங்களை மிரட்டிச் சாப்பிட வைத்தாய். தெருவுக்குத் தெரியும், அச்சகத்துக்குத் தெரியும். பள்ளியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது. விஷயம் தெரிந்த பழைய வகுப்பாசிரியை வீட்டுக்கு வந்து உன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். பள்ளி திறப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதன் கடமையைச் செய்தது: எட்டாம் வகுப்பை அப்படியே அள்ளி ஒன்பதில் போட்டது. கணக்கில் கோட்டை விட்டுவிடுவோம் என்று பயந்துகொண்டே இருந்தாளே, தேறிவிட்டாள். பள்ளி திறந்த அன்று காலை அச்சகத்தில் நான் ஒரு திருமண அழைப்பிதழைப் படித்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ‘தங்கள் மகல் இன்று பள்ளிக்கு வரவில்லை. தக்க காரணம் தெரிவிக்கவும்.’ மகளுக்கு ‘ள்’ போடாமல் ‘ல்’ போட்டிருந்தார்கள். என் பிழைப்பு அப்படி. முதலில் கண்ணில் பட்டது அந்த எழுத்துதான். பிறகுதான் மற்றது உறைத்தது. அன்றைக்கு அந்த அழைப்பிதழில் மணமகனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மணமகனின் தகப்பனார் பெயர் வந்து அச்சாகிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார், முகத்தைப் பார்த்தார், வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு பள்ளி நடக்கிற நாளெல்லாம் தவறாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வராது. அன்றைக்கு ஊரில் எந்தப் பிள்ளையும் பள்ளிக்குப் போகாததால் நம் பாப்பாவுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. பள்ளியில் கொடுத்திருந்தது இரண்டு எண்கள், என்னுடையதும் உன் அண்ணியுடையதும். ஆகவே அவளுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். அவள் அதைப் படிக்காமலே அழித்துவிடுகிறாள் என்று நினைத்து நானும் வாயைத் திறக்கவில்லை, நான் கவனிப்பதே இல்லை என்று நினைத்து அவளும் திறக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள் கண்ட கனவு மாதிரி நாள் போய்க்கொண்டிருந்தது.

சரி, ஆம்பளை நாம் போய் முடித்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லாமல் ஒருநாள் பள்ளிக்குப் போனேன். வாசல் காவலாளி, பெற்றோரைப் பார்க்கும் நாள் சனிக்கிழமை என்றார். கெஞ்சி உள்ளே போனால் அலுவலகத்தில் இருந்த எழுத்தர், மகள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதுமே, எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அப்படியானால் எடுக்க முடியாது, மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு முன்னால் நூலகப் புத்தகம் ஒன்று திரும்பி வராமல் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு, பிள்ளையை நேரில் கூட்டி வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து ‘வெளியூர் போயிருக்கா’ என்று வந்தது. எப்போது வருவாள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “பொம்பளப் பிள்ளைய இப்படி அதும்போக்குல விட்டீங்கன்னா, அப்புறம் கையை மீறிப் போயிடும் சார்” என்றார். நல்ல மனிதர்தான், அவருக்கும் மகள் இருக்கும் போலிருக்கிறது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டது. அடுத்த வாரமே பள்ளியிலிருந்து அழைப்பு. வருகைக் குறைவு, அதோடு ‘முன்னுக்குப் பின் முரணான காரணங்கள்’ தெரிவித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் பெற்றோர் ஆஜராக வேண்டுமாம். எனக்குக் குழப்பம். நான் ஒரு காரணமும் தெரிவிக்கவில்லையே, அதில் முன் எது பின் எது? வீட்டில் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று, அச்சகத்தில் அவசர வேலை என்று சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளும் அன்றைக்குக் காலையிலேயே கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறது. தாமதமாக வந்த பிள்ளைகளை அதில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உன் அண்ணி உட்கார்ந்திருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முதலில் சுதாரித்துக்கொண்டு, அச்சகத்தில் வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். கடைத்தெரு இந்தப் பக்கமா வந்துவிட்டது என்று நான் கேட்டேன். பிள்ளைகள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். எந்த வகுப்பு என்று ஒரு பொடியன் என்னை விசாரித்தான். ஒன்பது என்றேன்.

உள்ளே மூன்று பேர். புதிதாக வந்த தலைமையாசிரியை. புது வகுப்பாசிரியர், இளவயதுக்காரர். அப்புறம் ஒழுங்குக்குப் பொறுப்பான விளையாட்டு ஆசிரியர். பாப்பா வீட்டில் வந்து ‘விசில்’ என்று சொல்வாளே, காலையில் கேட்டில் நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பவர், அவர்தான். கழுத்தில் விசில் தொங்கியது. முதலில் வகுப்பாசிரியர் குறை சொன்னார். வகுப்பில் கட்டுப்பாடே இல்லையாம். இந்தப் பெயரைக் கூப்பிட்டால் மொத்த வகுப்பும் தலையைக் குனிந்துகொள்கிறதாம். எங்கே அவள் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லையாம். அவளுக்கென்று காலியாக விட்டிருந்த இடத்தில் வேறு பிள்ளையை உட்காரச் சொன்னால் பக்கத்து இடத்துக்காரி விடவே மாட்டேன் என்று பையை வைத்து மறித்தாளாம். கீழ்ப்படியாமைக்காக அவளை வெளியே நிற்க வைத்திருக்கிறார். எல்லாரும் சேர்ந்துகொண்டு எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் சந்தேகம். அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான்.

பிறகு விசில், அம்மாவிடமிருந்து வந்த பதில்கள் என்று வாசிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் அண்ணி அந்தச் செய்திக்கு ஒவ்வொரு நாளும் பதில் அனுப்பியிருக்கிறாள். காய்ச்சல் என்று மட்டும் ஒரு நாளும் எழுதவில்லை. பல்வலி. கால் சுளுக்கு. மழையில் நனைந்த சீருடை காயவில்லை. அத்தை வீட்டில் விசேஷம். மறுபடியும் அத்தை வீட்டில் விசேஷம். உன் வீட்டில் இந்த வருடம் நடந்திருக்கிற விசேஷங்களுக்கு நீ பந்தலைப் பிரிக்கவே நேரம் இருந்திருக்காது. விசேஷம் தீர்ந்துபோனதும், மன்னித்துக்கொள், உன் மாமியார் காலமாகியிருக்கிறார். அதற்கு ஒரு வாரம். பிறகு ஏதோ ஒரு நாள் காரணம் கிடைக்காமல் தவித்திருப்பாள் போலிருக்கிறது, அவர் இரண்டாம் முறையும் காலமாகிவிட்டார்.

“ஒரே மாமியார் எப்படிம்மா ரெண்டு தடவை சாவாங்க?” என்று விசில் கேட்டார்.

வகுப்பாசிரியர் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பயப்பட வேண்டாம், பிள்ளை எங்காவது போய்விட்டதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள், எதுவானாலும் சரிசெய்துகொள்ளலாம் என்றார்.

“இன்னைக்கு வரமாட்டான்னு எழுத முடியுது சார்” என்றாள். “இனிமே வரமாட்டான்னு எழுத வரமாட்டேங்குது.”

அவ்வளவுதான் சொன்னாள். பாக்கியை நான் சொன்னேன். அந்த எழுத்தரிடம் வராத சொற்கள் அங்கே எப்படி வந்தன என்று தெரியவில்லை, வந்தன. தலைமையாசிரியை எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். வகுப்பாசிரியர் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துப்போய், அந்தப் பிள்ளையை வெளியே நிற்க வச்சிட்டேனே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். விசிலுக்குப் பெயரை வைத்து ஆளைத் தெரியவில்லை, எந்தப் பிள்ளை என்று கேட்டார். உன் அண்ணி போனில் படத்தைக் காட்டினாள். அவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையா? தினமும் கடைசியாத்தான் வரும். ஏன் லேட்டுன்னு கேட்டா, ‘சார், நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க’ங்கும்.” போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். “இந்த வருசம் கேட்டுல ஆளைக் காணலை. நேரத்துக்கு வருது, திருந்திடுச்சுன்னு நெனச்சுட்டேன்.”

அதற்குப் பிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே போனார். பெஞ்சில் இருந்த பிள்ளைகளை வகுப்புக்குப் போகச் சொல்வது கேட்டது. தண்டனை ஒன்றும் இல்லையா சார் என்று அந்தப் பொடியன் கேட்பதும் கேட்டது.

பெயரை உடனே எடுக்கும்படி தலைமையாசிரியை எழுத்தருக்கு உத்தரவு போட்டார். எழுத்தர் கைகட்டி நின்றார், பாவம், என் முகத்தைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. வருடத்தின் நடுவில் பெயரை எடுப்பது பள்ளியின் கையில் இல்லையாம், செய்தி அனுப்பும் கம்பெனிதான் செய்ய வேண்டுமாம், அங்கே கடிதம் எழுதினால் போன வருடத்துக் கடிதத்துக்கே இன்னும் பதில் வரவில்லையாம். ஆகவேதான் மாப்பிள்ளையின் நண்பர் நினைவுக்கு வந்தார்.

திரும்பும்போது பஸ் ஏறாமல் நடந்தே வந்தோம். பாதி வழியில் அவள், நீங்க ஒரு நாளும் பதில் போடலையா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். செய்தியில் எழுத்துப்பிழை இருந்தது என்றேன். வேறென்ன சொல்வது? அவள் நின்று என்னைப் பார்த்தாள், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரை ஏன் இரண்டு தடவை கொன்றாய் என்று நான் கேட்க, அது இன்னும் அதிகமாகிவிட்டது. முதல் தடவை எழுதினது மறந்துபோச்சுங்க என்றாள். நடைபாதையில் சைக்கிள் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டுவிட்டுப் போனார். பாப்பா போன பிறகு அவளும் நானும் ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை அவள் குளியலறையிலும் நான் அச்சகத்தின் காகித அறையிலுமாக முறை வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே தங்கச்சி, இனியும் அவளைத் தினம் ஒரு பொய் தேடி அலைய விடக் கூடாது. புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்? மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லி, எப்படியாவது அந்தச் செய்தியை நிறுத்திவிடச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், பள்ளிக்கு நேரத்தோடு போகச் சொல், போகாவிட்டாலும் ரொம்பத் திட்டாதே. உன் மாமியார் நூறாண்டு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் காட்டாதே.

உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை அந்தச் செய்தி வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. பள்ளி விடுமுறையோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், எதிர்வீட்டுப் பிள்ளைகள் சீருடையில் போய்க்கொண்டிருந்தார்கள். உன் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஒருவேளை பேரை எடுத்துட்டாங்களோ என்றாள். நான் என் போனைத் தட்டிப் பார்த்தேன். நானும் அச்சகத்துக்குக் கிளம்பவில்லை. வெயில் ஏறிய பிறகு இரண்டு போனும் ஒன்றாகச் சிணுங்கின. “வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வருகிறவரைக்கும் வரட்டும். இன்றைய பதிலை இருவரும் சேர்ந்து யோசித்து, என் போனிலிருந்து நான் அனுப்பினேன்: அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். யாராவது கேட்டால், உன்னிடம்தான் இருக்கிறாள் என்று சொல்.