பட்டாசுப் பெட்டியில் ஏறிய இட்லி

"எனக்குத் தெரியாதா?" என்று கேட்கும் ஆசாமிகளைக் கண்டால் நாலடி தள்ளியே நில்லுங்கள். நானே அப்படி ஓர் ஆசாமி என்பதால் அனுபவத்தில் சொல்கிறேன். (என் மனைவி செல்விக்கு இதை யாரும் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லை.)

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"சார், விருதுநகர்ல இருந்து அதிகாரி வர்றாராம். டிஜிட்டல் பாடம் நல்லா நடத்துற பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு தருவாகளாம். நம்ம புரொஜெக்டர் லட்சணம்தான் உங்களுக்கே தெரியுமே."

அந்தப் புரொஜெக்டரில் எதைப் போட்டாலும் பச்சையாகத்தான் தெரியும். இதயம் பச்சை, ரத்தம் பச்சை. பிள்ளைகள் பரீட்சையிலும் அப்படியே எழுதிவைத்தார்கள். அந்தப் போர்டை வாங்கியே தீர வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

ஆறாம் வகுப்புச் செரிமான மண்டலத்தைக் கையில் எடுத்தேன். படம், பாட்டு, அசைவு, குரல் எல்லாம் கலந்த பாடம். ஆள் கிடைக்காததால் தலையணை உறையை மாட்டிக்கொண்டு நானே இட்லியாக நடித்தேன். வாய்க்குள் நுழைந்தேன், இரைப்பையில் புரண்டேன், செல்வியின் பழைய புடவைகளை முடிச்சுப் போட்டுச் செய்த சிறுகுடலுக்குள் ஊர்ந்தேன். கடைசியில் இட்லி எப்படி வெளியேறியது என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கும் ஒரு பாட்டு வைத்திருந்தேன்.

படம் பிடித்த செல்வி, "என்னங்க, மானம் போயிரும்ங்க" என்றாள். கல்விக்காகப் போனால் போகட்டும் என்று நான் வசனம் பேசினேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளில் ஒரு கியூஆர் கோடு. போனைக் காட்டினால் இட்லி புறப்பட்டுவிடும். அச்சடிக்கச் சிவகாசியில் செல்வியின் தம்பி முருகேசனின் பிரஸ்ஸுக்குப் போனேன். சீசன் நேரம், கால் வைக்க இடமில்லை. ஒரு கம்பெனியின் வாணவெடிப் பெட்டிக்கு லேபிள் தயாராகிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அந்தப் பெட்டியிலும் கியூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால், வெடி மேலே போய் எப்படிப் பூக்கும் என்று வீடியோ காட்டும்.

"அத்தான், உங்க தாளுக்குன்னு தனி பிளேட் போட நேரமில்ல. இந்த லேபிள் ஷீட்டுலயே ஓரத்துல இடம் கெடக்கு, ஏத்தி விட்டுருவோம்" என்றான் முருகேசன்.

சிவகாசியில் இது சாதாரணம். கல்யாணப் பத்திரிகையும் ஊறுகாய் லேபிளும் ஒரே தாளில் அச்சாகி, வெட்டும்போது பிரிந்து அதனதன் வழியில் போகும். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு காலி இடங்கள், ஒட்டுவதற்கு இரண்டு கியூஆர் கோடுகள்.

"அத்தான், ஒரு தடவ போன வச்சுப் பாத்துருங்க."

"மாப்ள, நான் செஞ்ச பாடம். எனக்குத் தெரியாதா?"

ஒட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

அதிகாரி வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் முன்வரிசைப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். பேச்சு அவளுக்குப் பெயரில் மட்டும்தான். பள்ளி திறந்ததிலிருந்து "உள்ளேன் ஐயா" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. புரொஜெக்டரோடு இணைத்த டேப்லெட்டை அவள் கையில் கொடுத்து, பயிற்சித் தாளில் காட்டச் சொல்லிவிட்டு, "நாம் சாப்பிட்ட இட்லி வயிற்றுக்குள் போனதும் என்ன ஆகிறது, பாருங்கள்!" என்றேன்.

உய்ய்ய்ங்... டமார்!

சுவர் முழுக்கப் பச்சைப் பூ சிதறியது. அதிகாரி தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"என்ன சார், இட்லில என்னத்தப் போட்டீங்க?"

இன்னொரு தாளை எடுத்து ஸ்கேன் செய்தேன். டமார். இன்னொன்று. டமார், டமார். எனக்கு வியர்வை ஊற்றியது. போர்டு போச்சு என்று தலைமையாசிரியை முகத்திலேயே எழுதியிருந்தது. அப்போதுதான் பேச்சியம்மாள் வாய் திறந்தாள்.

"சார், இட்லி இதுல இல்ல. எங்க வீட்ல அம்மா ஒட்டுற பெட்டில இருக்கு."

"என்னம்மா சொல்ற?" என்றார் அதிகாரி.

"நெசமாத்தான் சார். எங்க சார் தலகாணி ஒறயப் போட்டுக்கிட்டு உருளுவாக. நானும் அம்மாவும் தெனமும் பாப்போம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் பூமிக்குள் போக இடம் தேடினேன். சிமெண்டுத் தரை, வழி விடவில்லை.

"அப்ப சிறுகுடல்ல என்ன நடக்கும், சொல்லு பாப்போம்" என்றார் அதிகாரி.

"சத்த எல்லாம் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிரும் சார். மிச்சம் பெருங்குடலுக்குப் போவும். அங்கன தண்ணிய உறிஞ்சிக்கிடும். பெறகு..." என்று அந்தக் கடைசிப் பாட்டையும் ராகத்தோடு பாடி முடித்தாள்.

"இத முன்னாடியே சார்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு சார். வெளிய தெரிஞ்சா அம்புட்டு லேபிளையும் கிழிச்சுட்டு மறுக்கா ஒட்டச் சொல்லுவாகளாம். அம்மாவுக்கு ஏற்கெனவே வெரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

சிரிப்பு அடங்கிவிட்டது. இந்தப் பிள்ளை என் பாடத்துக்காகப் பேசியதா, என் மானத்துக்காகப் பேசியதா தெரியவில்லை. இரண்டில் எதற்கும் நான் அருகதை இல்லாதவன் என்று மட்டும் தெரிந்தது. அதிகாரி குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முருகேசனுக்குப் போன் போட்டேன். பாதி லோடு வடக்கே போய்விட்டதாம். (அங்கே எத்தனை பேர் வாணவெடியை எதிர்பார்த்து என் வயிற்றுப் பயணத்தைப் பார்த்தார்களோ!) மீதிப் பெட்டிகள் ஊரில்தான் இருந்தன. லேபிள் ஒட்டும் பெண்கள் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது, மேலே புது லேபிளை நானே ஒட்டித் தருகிறேன் என்று கம்பெனிக்காரரிடம் வாக்குக் கொடுத்தேன்.

சனி, ஞாயிறு என்று பார்க்காமல் நானும் செல்வியும் பேச்சியம்மாள் வீட்டில் உட்கார்ந்து ஒட்டினோம். அவள் அம்மா காபி கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். பேச்சியம்மாள்தான் மேஸ்திரி.

"சார், பசை ஜாஸ்தி. ஓரம் கோணலா இருக்கு பாருங்க. மறுபடி ஒட்டுங்க."

பள்ளிக்கூடத்தில் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் என் தலையில்தான் கொட்டினாள்.

மூன்றாவது வாரம் தலைமையாசிரியை போனில் கூவினார். "சார், போர்டு வந்துருச்சு! அதிகாரி எழுதுன குறிப்பக் கேளுங்க: 'பாடம் மாணவியின் வீடு வரை சென்று சேர்ந்துள்ளது. வகுப்பறைக்கும் வந்து சேர ஆவன செய்யவும்.'"

நான் துள்ளிக் குதித்தேன். பசைக் கையோடு எடுத்த போன் காதில் ஒட்டிக்கொண்டு கூடவே துள்ளியது.

அதிலிருந்து எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு ஒரு சடங்கு சேர்ந்துவிட்டது. ஏதாவது ஒரு வாணம் பற்றவைத்தும் கிளம்பாமல் புகைந்துகொண்டே நிற்கும். உடனே முருகேசன் எல்லாரையும் கையமர்த்துவான்.

"பொறுங்க, பொறுங்க. அத்தான் இப்பத்தான் பெருங்குடலுக்கு வந்துருக்காக."